வயர் ஃபாக்ஸ் டெரியர்: குணமும் முடியும் – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் வயர் ஃபாக்ஸ் டெரியர் என்ற நாய் இனத்தைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறோம்.

எங்கள் வீட்டில் அப்பாரு, ஆத்தா, ஆறும் நாலும் வயதுள்ள ரெண்டு பொடுசுகள். "சின்ன நாய்தான், முடியும் கொட்டாது" என்று சொல்லி இந்தக் குட்டியை வாங்கச் சொல்கிறார்கள். சரிப்படுமா? – பல்லடம் வாசகி

உயரத்திலும் எடையிலும் மட்டும்தான் அது சின்ன நாய். ஆண் நாய் தோள் உயரம் 39 செ.மீ.க்கு மிகாது, எடை எட்டே கால் கிலோ சுமார். பெண் நாய் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் அது செய்ய வந்த வேலை பெரியது. இங்கிலாந்தில் நரி வேட்டையின்போது, துரத்தப்பட்ட நரி வளைக்குள் புகுந்துகொண்டால், உள்ளே இறங்கி அதை வெளியே விரட்டுவதற்காக வளர்த்தெடுத்த இனம் இது. 1876இலேயே அங்கே ஃபாக்ஸ் டெரியருக்கென்று தனிச் சங்கம் வைத்து, உடலமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டார்கள். மண்ணுக்கடியில், இருட்டில், வளர்த்தவர் குரல் எட்டாத இடத்தில் தானாக முடிவெடுக்கிற நாயைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் கூப்பிட்டவுடனே திரும்பி வராது. சத்தம் கேட்டால் யோசிக்காமல் பாயும். எதிரில் நிற்பது எவ்வளவு பெரியது என்று பார்க்காது.

நல்ல பக்கமும் அதே அளவுக்கு உண்டு. சோம்பலே கிடையாது. வீட்டாரோடு ஒட்டிக்கொள்ளும். கற்றுக்கொடுத்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், ஆனால் ஒரே பயிற்சியைப் பத்துத் தடவை செய்யச் சொன்னால் நான்காவது தடவையே விட்டுவிட்டுப் போய்விடும். ஐந்து நிமிடப் பயிற்சி, தின்ன ஏதாவது, பிறகு விளையாட்டு, இப்படி நாளுக்கு மூன்று முறை போதும்.

நாலு வயதுக் குழந்தை கத்திக்கொண்டு ஓடினால் இந்த நாய் பின்னாலேயே ஓடிக் கணுக்காலைக் கவ்வும். கோபத்தில் அல்ல, ஓடுகிற எதையும் பிடிக்கிற பழக்கத்தில். பந்தையோ எலும்பையோ கையிலிருந்து பிடுங்கினால் உறுமும். இந்த இரண்டையும் குழந்தைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பெரியவர்கள் இருவர் கால்களுக்கிடையே இது பாய்ந்து ஓடுவதும் ஆபத்து. சின்னவருக்கு ஆறேழு வயது ஆகும்வரை பொறுங்கள். காலையில் அரை மணி, பொழுதோட அரை மணி நடத்திக் கூட்டிப்போக நடுவயதில் ஒருவர் வீட்டில் உறுதியாக இருந்தால் அப்போது வாங்கலாம்.

முடி கொட்டாது என்பது பாதி உண்மை. செத்த முடி தானாக விழாமல் உடம்பிலேயே நிற்கும். அதை ஒருவர் எடுத்துவிட வேண்டும்.

கோடைக்கு முன்னால் க்ரூமிங் கடையில் விட்டோம். மெஷின் போட்டு ஒட்ட வெட்டிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து முடி பஞ்சு மாதிரி வளர்ந்திருக்கிறது. முதுகிலிருந்த கறுப்பு சாம்பலாகிவிட்டது. என்ன நோய்? – கோவை, ஆர்.எஸ்.புரம் வாசகர். இதே கேள்வியை மேட்டுப்பாளையம், கரூர் வாசகர்களும் கேட்டிருக்கிறார்கள்.

நோய் இல்லை. இந்த நாய்க்கு இரண்டு அடுக்கு முடி. மேலே கெட்டியான, கம்பி போன்ற முடி, முதுகிலும் விலாவிலும் சுமார் 4 செ.மீ., தோளில் 2 செ.மீ. அதற்கு அடியில் குட்டையான மென்முடி. நல்ல நிறமெல்லாம் மேல்முடியின் நுனிப் பாதியில்தான் இருக்கிறது. அடிப்பாதி வெளிறி, மெலிந்து இருக்கும். மேல்முடி முற்றியதும் வேர் தளர்ந்துவிடும். அதைப் பிடுங்கினால் அந்தக் குழியிலிருந்து புது முடி கெட்டியாக, நிறத்தோடு வரும். மெஷின் போட்டால் நிறமுள்ள பாதி போய்விடும், வெளிறிய பாதியும் செத்த வேரும் குழியிலேயே தங்கிவிடும். மென்முடி தடையில்லாமல் மேலே வரும். இதைத்தான் நீங்கள் பஞ்சு என்கிறீர்கள். தூசியும் தண்ணீரும் இப்போது உள்ளே இறங்கும், முன்பு வழுக்கிக்கொண்டு போயிருக்கும்.

சரிசெய்ய வழி ஹேண்ட் ஸ்ட்ரிப்பிங், அதாவது கையால் பிடுங்குவது. ஒரு தடவையில் பழையபடி ஆகாது. இரண்டு மூன்று சுற்று பிடுங்கிய பிறகுதான் முடியின் தரம் திரும்பும். சில நாய்க்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். வீட்டிலேயே செய்யலாம், பொறுமை மட்டும் வேண்டும்.

முடி முற்றிவிட்டதா என்று முதலில் பாருங்கள். முதுகெலும்பு நெடுகிலும் தானாக வகிடு பிரிந்து, முடி படியாமல் தூக்கி நின்றால் முற்றிவிட்டது. நாலு முடியைப் பிடித்து இழுங்கள். தோல் கூடவே எழும்பாமல் முடி மட்டும் வந்தால் ஆரம்பிக்கலாம். நாய் திரும்பிப் பார்த்தாலோ தோல் கூடாரம் மாதிரி தூக்கினாலோ இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள். "பிடுங்கினால் வலிக்காதா, பாவம் இல்லையா?" என்று மேட்டுப்பாளையம் வாசகர் வருத்தத்தோடு கேட்டிருக்கிறார். முற்றாத முடியைப் பிடுங்கினால்தான் வலிக்கும். முற்றிய முடி எடுக்கும்போது பெரும்பாலான நாய்கள் மேஜை மேலேயே கண்ணயர்ந்துவிடும்.

பிடுங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே குளிப்பாட்டாதீர்கள். குளித்த முடி மெத்தென்று வழுக்கும், பிடி கிடைக்காது. இடுப்பு உயர மேஜையில் ரப்பர் பாய் விரித்து நாயை நிறுத்துங்கள். ஸ்லிக்கர் பிரஷ்ஷால் (மெல்லிய கம்பிப் பற்கள் உள்ள பிரஷ்) சீவிச் சிக்கெடுத்துவிட்டு, சாக்பீஸ் பொடியை முடிக்குள் தேய்த்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டுக்கும் பில் எண்ணுகிறவர்கள் மாட்டுகிற ரப்பர் உறை போட்டால் நன்றாகப் பிடிக்கும். இடது கையால் தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஐந்து முதல் பத்து முடியை நுனிப்பக்கம் பிடித்து, முடி படிந்திருக்கிற திசையிலேயே இழுங்கள். மணிக்கட்டைத் திருப்பக் கூடாது. திருப்பினால் முடி நடுவில் அறும். முழங்கையிலிருந்து நேராக இழுக்க வேண்டும்.

தோள்பட்டை மேட்டில் தொடங்கி வால் வரை முதுகு, பிறகு விலா, தோள், கழுத்தின் மேல்புறம், தொடை, கடைசியில் மண்டையும் கன்னமும். புருவத்தையும் தாடியையும் விட்டுவிடுங்கள். கால்முடியை மொட்டையடிக்காதீர்கள். சீவித் தூக்கிவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் ஒன்றிரண்டாகப் பிடுங்கினால் கால் தூண் மாதிரி நேராக நிற்கும். தொண்டை, அடிவயிறு, தொடை இடுக்கு, வாலுக்கடி, காதின் உட்புறம் ஆகிய இடங்களில் தோல் மெல்லியது. அங்கே பிடுங்கவே கூடாது, கத்தரிக்கோலோ கிளிப்பரோதான்.

ஸ்ட்ரிப்பிங் நைஃப் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அது வெட்டுகிற கத்தி அல்ல, முடியைப் பிடிக்க உதவுகிற பல். புதிதாக வாங்கியது கூராக இருக்கும். கல்லில் தேய்த்துக் கொஞ்சம் மழுக்கிய பிறகே நாய் மேல் வைக்க வேண்டும். பிடுங்கிய முடியை வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள். வேர்ப்பக்கம் மெலிந்து, முழு நீளத்தில் இருந்தால் சரி. மொட்டையாக நறுக்கின மாதிரி இருந்தால் நீங்களும் மெஷின் செய்ததையே செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஒரு அமர்வுக்கு முப்பது நாற்பது நிமிடம் போதும். ஒரு வாரத்துக்குள் உடம்பு முழுக்க முடித்துவிட்டால் புது முடி சீராக வரும். லேசாகச் சிவப்பது ஒரு நாளில் அடங்கும். சீழ்க்கொப்புளம் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். தோலில் ஏற்கனவே புண்ணோ சொறியோ இருந்தால், ஸ்டீராய்டு மருந்து ஓடிக்கொண்டிருந்தால், தொடங்கவே வேண்டாம்.

எப்போது செய்வது என்பதில்தான் நம் ஊர்ப்பக்கம் தப்பு நடக்கிறது. சித்திரை வெயிலுக்கு முந்தின வாரம் பிடுங்கினால் வெளிறிய தோல் நேரே வெயிலில் வேகும். புது முடி மூட எட்டு முதல் பத்து வாரம் ஆகும். தை கடைசியில் பிடுங்கினால் சித்திரைக்குள் மூடிவிடும். அடுத்தது ஆவணியில். ஐப்பசி மழைக்கு மேல்முடி தயாராக இருக்கும். இரண்டு தடவையும், பிடுங்கிய முதல் இரண்டு வாரம் உச்சி வெயிலில் விடாதீர்கள்.

தென்னந்தோப்பில் மரத்துப் பாத்தியெல்லாம் தோண்டிப் போடுகிறது. சொட்டுநீர்க் குழாயையும் கடித்துவிடுகிறது. அடித்தும் பார்த்தாயிற்று. – பொள்ளாச்சி வாசகர்

அடிக்காதீர்கள். நீங்கள் இல்லாதபோது தோண்டும், வேறு மாற்றம் இருக்காது. குழியைப் பார்த்தாலே காரணம் தெரியும். குறுகலாக, ஆழமாக, சாய்ந்து போகிற குழியென்றால் பெருக்கானையோ (பெருச்சாளி) எலியையோ தேடியிருக்கிறது. அகலமாக, ஆழமில்லாமல், சொட்டு விழுகிற ஈர மண்ணில் இருந்தால் வெக்கைக்குப் படுக்க இடம் பறித்திருக்கிறது. கேட்டை ஒட்டி, வேலியை ஒட்டி வரிசையாக இருந்தால் வேலையில்லாமல் தவிக்கிறது.

முதல் காரணத்துக்குப் பெருக்கான் வளையை மூட வேண்டும். இரண்டாவதற்கு நிழலில் ஈரமணல் படுக்கையும் அகலத் தொட்டியில் தண்ணீரும் போதும். மூன்றாவதற்கு ஆறடிக்கு நாலடி, ஒன்றரையடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து, ஆற்றுமணலும் தோட்டத்து மண்ணும் கலந்து நிரப்பி, பந்து, எலும்பு, பழந்துணியை உள்ளே புதைத்து வையுங்கள். பாத்தியில் தோண்டுவதைப் பார்த்தால் சத்தம் போடாமல் கூட்டிவந்து இங்கே விடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் எங்கே தோண்டினால் பலன் உண்டு என்று புரிந்துகொள்ளும். குழாயின் வெளியே தெரியும் பகுதியை நாலு விரல் மண்ணுக்கடியில் இறக்கிவிடுங்கள்.

தோப்பில் எலி மருந்து வைக்கிற வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். மருந்தையும் தின்னும், மருந்து தின்ற எலியையும் தின்னும். ஜிங்க் பாஸ்பைடு சில மணி நேரத்தில் ஆளை முடித்துவிடும். புரோமாடியோலோன் என்றால் மூன்று முதல் ஐந்து நாள் வரை ஒன்றுமே தெரியாது. பிறகு ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம், மூச்சிரைப்பு. தின்றது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருந்துப் பாக்கெட்டோடு டாக்டரிடம் ஓடுங்கள். இரண்டாவது வகைக்கு வைட்டமின் கே1 உண்டு, வாரக்கணக்கில் தர வேண்டியிருக்கும்.

கொரங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) ஆட்டுப்பட்டிக்குக் கூடவே வருகிறது. வீடு திரும்பினால் கால், தாடியெல்லாம் ஒட்டுப்புல்லும் உண்ணியும். – காங்கேயம் வாசகர்

கொழுக்கட்டைப் புல் விதையும் நாயுருவியும் முதுகு முடியில் நிற்காது, கால்முடியிலும் தாடியிலும் அக்குளிலும்தான் மாட்டும். வந்தவுடனே, தண்ணீர் படுவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். நனைந்தால் முடி சுருங்கி விதையை இறுக்கிவிடும். இரும்புச் சீப்பை நுனியிலிருந்து வேர் நோக்கிப் படிப்படியாக இறக்குங்கள், வேரிலிருந்து ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். முடிச்சில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டால் விதை நழுவும். விரல் இடுக்கை விரித்துப் பாருங்கள். அங்கே புகுந்த விதை தோலைத் துளைத்துச் சீழ் வைக்கும். நாய் ஒரே பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தால் அதுதான் முதல் சந்தேகம். பாதத்தின் அடிமுடியை மாதம் ஒருமுறை கத்தரித்துவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

உண்ணி காதுமடலுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், விரல் இடுக்கில் இருக்கும். மழைக்குப் பின் அதிகம். நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, பீடியால் சுடுவது, விரலால் நசுக்குவது எதுவும் கூடாது. மாத்திரையாகவோ முதுகில் விடுகிற மருந்தாகவோ டாக்டர் எடை பார்த்துத் தருவதை விடாமல் கொடுங்கள். ஆட்டுக்கு அடிக்கிற மருந்தை நாய்க்கு அடித்துவிடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு, அது விஷம். உண்ணி கடித்த நாய்க்கு காய்ச்சல், தீனி எடுக்காமை, மூக்கில் ரத்தம் கண்டால் அன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும். உண்ணிக் காய்ச்சலை ஆரம்பத்தில் பிடித்தால் மருந்துக்கு நன்றாகக் கேட்கும்.

வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியும் அரிக்கிறது, நாறுகிறது. – ஈரோடு வாசகி

போர்த் தண்ணீரா? உப்புத்தண்ணியில் சோப்பு நுரைக்காது. அந்தச் சோப்பும் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் சேர்ந்து திரிந்து மென்முடிக்குள் படியும். அதுதான் அரிக்கிறது. அரித்துச் சொறிந்த இடத்தில் கிருமி சேர்ந்து நாறுகிறது. மறுபடி குளிப்பாட்டினால் மறுபடி படியும்.

முழுக் குளியல் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும். நாய்க்கான ஷாம்பூ ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். கடைசி அலசல் மட்டும் நல்லதண்ணியில். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவை வாசகர்களுக்கு இந்தக் கவலை இல்லை. துண்டால் தேய்க்காமல் அழுத்தி ஒற்றி, முடியைப் படிய சீவிக்கொண்டே காற்றில் உலர்த்துங்கள். தோல்வரை காய வேண்டும். தாடியை மட்டும் தினம் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஈரத்துணியால் துடைத்துச் சீவினால் பாதி நாற்றம் போய்விடும்.

ஒரு மாதம் இப்படிச் செய்தும் அரித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். இந்த இனத்தில் அது உண்டு. டாக்டரிடம் காட்டுங்கள்.

குட்டியிலிருந்தே கோழிகளோடு வளர்ந்தால் கோழியைத் தொடாதா? தோட்டத்தில் மயிலும் நிறைய. – கோபிசெட்டிபாளையம் வாசகர்

நம்பாதீர்கள். நீங்கள் நிற்கும்போது தொடாது. இறக்கையடித்து ஒரு கோழி ஓடினால் எல்லாம் மறந்துவிடும். கோழிக்கூட்டைச் சுற்றிக் கம்பிவலையைத் தரைக்கடியில் ஒரு அடி இறக்கி, வெளிப்பக்கமாக மடித்துப் புதையுங்கள். கிளுவை வேலி இதற்குத் தடையே அல்ல, அடியில் நுழைந்துவிடும். மயில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, உடும்பும் அப்படியே. நாய் பிடித்தாலும் வளர்ப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். திறந்த காட்டில் பத்து மீட்டர் கயிற்றோடு மட்டும் விடுங்கள்.

பாம்பைப் பார்த்தால் விலகுமா? – தாராபுரம் வாசகர்

விலகாது. மூஞ்சியிலோ முன்னங்காலிலோதான் கடி வாங்கும். கடிபட்டால் கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள், முகம் வீங்கும்போது அது இறுக்கும். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், பச்சிலை அரைத்துப் போட்டு நேரம் போக்காதீர்கள். கண்ணாடி விரியன் என்றால் வீக்கமும் ரத்தக் கசிவும். நல்லபாம்பு, கட்டுவிரியன் என்றால் கால் தளர்ந்து, கண் சொருகி, மூச்சுத் திணறும். எந்தப் பாம்பென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நம் ஊரில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து இந்த மூன்றோடு சுருட்டை விரியனும் சேர்ந்த நால்வகைப் பாம்புக்கும் பொதுவானது. அது எல்லா ஆஸ்பத்திரியிலும் இருப்பில் இருக்காது. உங்களுக்கு அருகே உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரி, கிழக்கே இருப்பவர்களுக்கு நாமக்கல் கல்லூரி. எங்கே இருப்பு உண்டு, இரவில் யார் எடுப்பார்கள் என்று இப்போதே விசாரித்து எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஏற்கனவே ஆண் ராஜபாளையம் இருக்கிறது. ஆண் டெரியர் சேர்க்கலாமா? – திருப்பூர் வாசகர்

வேண்டாம். டெரியர் பின்வாங்காது, ராஜபாளையம் மூன்று மடங்கு எடை. பெண் குட்டி வாங்குங்கள், அல்லது ஒன்றோடு நிறுத்துங்கள்.

ஐந்து வயது. இரண்டு நாளாக ஒரு கண் சிவந்து, வெளிச்சத்தில் மூடிக்கொள்கிறது. சொட்டு மருந்து வாங்கி விடலாமா? – நாமக்கல் வாசகி

விடாதீர்கள் அம்மா. டெரியர் இனங்களில் கண்ணுக்குள் லென்ஸ் இடம் நகருகிற பரம்பரை நோய் உண்டு, பெரும்பாலும் மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் வரும். நகர்ந்தால் கண்ணின் அழுத்தம் ஏறி, ஓரிரு நாளில் பார்வை போய்விடும். சாதாரணக் கண்வலியாகவும் இருக்கலாம், அழுத்தம் அளந்து பார்த்தால்தான் தெரியும். உங்கள் ஊரிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இதைப் படிக்கும்போதும் கண் அப்படியே இருந்தால் இன்றைக்கே கூட்டிப்போங்கள். இந்த நோய் ஒரு கண்ணோடு நிற்பதில்லை, மற்ற கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். குட்டி வாங்குகிறவர்கள் தாய் தகப்பனுக்கு இதற்கான மரபணுப் பரிசோதனை எடுத்த சான்று உண்டா என்று கேளுங்கள். பதிவுச் சான்றிதழைவிட இது முக்கியம்.

பதிமூன்று வயதாகிறது. மேஜையில் நிற்க முடியவில்லை. இன்னும் பிடுங்கத்தான் வேண்டுமா? – சத்தியமங்கலம் வாசகி

வேண்டாம். இந்த வயதில் முடியின் நிறமும் கெட்டியும் முக்கியமில்லை. மெஷினே போடுங்கள். ஆனால் ஒட்ட வெட்டச் சொல்லாதீர்கள். 4எஃப் பிளேடு போட்டால் ஒன்பது மில்லிமீட்டர் சுமார் நிற்கும், தோலில் வெயில் படாது. படுக்க வைத்தே ஒரு பக்கம் முடித்து, ஓய்வு கொடுத்துவிட்டு மறுபக்கம் செய்யலாம். பிளேடு சூடாகிறதா என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புறங்கையில் வைத்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை மென்முடி எடுக்கும் சீப்பால் லேசாகச் சீவிவிட்டால் அரிப்பு வராது. நடை குறைந்திருப்பதால் நகம் தேயாது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் அராவிவிடுங்கள்.